அந்தப் படம் லண்டன் இல்லை: குண்டு விழுந்த ஒரு தெருவைத் தேடிப் பிடிக்கும் வழி

உங்கள் பெரியம்மா 1960-களில் இங்கிலாந்தில் செவிலியராக இருந்தவர். அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியில், புடவைகளுக்கு அடியில், ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்திருக்கிறது. குண்டு விழுந்து சரிந்த செங்கல் வீடுகள், தெருவில் ஏழெட்டுப் பேர். பின்பக்கத்தில் முத்திரை எதுவும் இல்லை. ‘வடகிழக்குக் கடற்கரை நகரம், 9.5.41’ என்று மட்டும் ஆங்கிலத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறது. வீட்டில் எல்லோரும் லண்டன் என்கிறார்கள், உண்மையில் எந்த ஊர், எந்தத் தெரு என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும் என்றே நினைக்கிறேன். லண்டன் இல்லை என்பதை இப்போதே சொல்லலாம். இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் ஹல் என்ற துறைமுக நகரம் என்பதற்கு வலுவான காரணங்கள் படத்திலேயே இருக்கின்றன. தெருவைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் உழைக்க வேண்டும், அதற்கான வழியையும் எழுதுகிறேன். இதே மாதிரிப் படம் வேறு யாரிடமாவது இருந்தால் அவர்களுக்கும் உதவும்.

முதலில் அந்தப் பென்சில் வரி. ஊர்ப் பெயரை எழுத மறந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம், வேண்டுமென்றே மறைத்த பெயர் அது. எந்த ஊரில் குண்டு சரியாக விழுந்தது என்று ஜெர்மானியர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, தாக்குதல் நடந்த ஊரின் பெயரைப் பத்திரிகைகள் உடனே போட முடியாது. பொதுவாக 28 நாள் பொறுக்க வேண்டும். அதனால் செய்திகளில் ‘வடமேற்கு நகரம்’, ‘தென்கடற்கரை நகரம்’ என்றே வரும். லண்டனுக்குள்கூட இப்படித்தான். வீடிழந்த மூன்று குழந்தைகள் இடிபாட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் புகழ்பெற்ற படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க தேசிய ஆவணக்காப்பகத்தில் இருக்கும் அந்தப் படத்தின் குறிப்பு ‘லண்டனின் கிழக்குப் புறநகர் ஒன்று’ என்பதோடு நின்றுவிடுகிறது. தெருவின் பெயர் இல்லை.

இந்த மறைப்பால் அதிகம் அடிபட்ட ஊர் ஹல். ஹம்பர் கழிமுகத்தின் கரையில் இருப்பதால் இரவிலும் விமானிகளுக்குக் கண்ணில் படும். கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களைத் தாக்கிவிட்டுத் திரும்பும்போது மிச்சக் குண்டுகளைக் கொட்டிவிட்டுப் போகவும் வசதியான இடம். ஊரின் வீடுகளில் 95 விழுக்காடு ஏதோ ஒரு வகையில் சேதமடைந்தன. ஏறத்தாழ 1,200 பேர் இறந்தார்கள். ஒன்றரை லட்சம் பேர் வீடிழந்தார்கள். ஆனால் வானொலியிலும் செய்தித்தாளிலும் அது ‘வடகிழக்குக் கடற்கரை நகரம்’தான். எங்கள் துயரத்துக்குப் பெயர்கூட இல்லாமல் போய்விட்டதே என்ற வருத்தம் அந்த ஊர்க்காரர்களிடம் இன்றும் இருக்கிறது. உங்கள் படத்தில் இருக்கும் தேதியும் பொருந்துகிறது. 1941 மே 7 இரவும் 8 இரவும்தான் ஹல் கண்ட மிகக் கொடிய இரவுகள். அந்த இரண்டு இரவுகளில் மட்டும் நானூறு பேர் அளவில் மாண்டார்கள். மே 9 என்பது இரண்டாம் இரவுக்கு மறுநாள் பகல்.

ஆனால் பென்சில் வரியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சண்டர்லண்ட், சவுத் ஷீல்ட்ஸ், டைன்மவுத், மிடில்ஸ்பரோ எல்லாமே வடகிழக்குக் கடற்கரைதான். பென்சில் எழுத்து பின்னாளில் வேறொருவர் எழுதியதாகவும் இருக்கலாம். ஆகவே பின்பக்கத்தைச் சற்று மறந்துவிட்டு முன்பக்கத்துக்கு வருவோம்.

அதற்கு முன் ஒரே ஒரு விஷயம்: முத்திரை இல்லாததும் ஒரு தகவல்தான். செய்தி நிறுவனத்தின் படமாக இருந்தால் பின்னால் நிறுவனத்தின் முத்திரையும் வரிசை எண்ணும் இருக்கும். தணிக்கை அதிகாரியின் முத்திரையும் பெரும்பாலும் இருக்கும். அப்படி இருந்தால் வேலை சுலபம். கீஸ்டோன், ஃபாக்ஸ் போன்ற பழைய நிறுவனங்களின் தொகுப்புகள் இன்று ஹல்டன் ஆவணக்காப்பகத்தில் இருக்கின்றன. எண்ணைச் சொல்லிக் கேட்டால் பதிவேட்டில் தேட முடியும். உங்கள் படத்தில் அது இல்லை. தெருவில் போகிறவர் யாராவது கேமராவைத் தூக்கிக்கொண்டு எடுத்திருப்பாரா என்றால், அதற்கும் வாய்ப்புக் குறைவு. 1939-லேயே புகைப்படக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. எதிரித் தாக்குதலால் சேதமான கட்டடத்தை அனுமதி இல்லாமல் படமெடுத்தால் குற்றம். ஃபிலிமுக்கும் தட்டுப்பாடு. அப்படியானால் பட்டப்பகலில், காவலர் ஒருவர் பக்கத்தில் நிற்க, நிதானமாக நடுத்தெருவில் நின்று எடுத்தவர் யார்? நகராட்சிப் பொறியியல் துறைக்காரராகவோ காவல்துறைப் படப்பிடிப்பாளராகவோ இருக்கத்தான் அதிக வாய்ப்பு. அப்படி எடுத்த படங்கள் தெருவாரியாக, தொடர்ச்சியாக இருக்கும். உங்களிடம் இருப்பது அப்படி ஒரு தொடரில் ஒன்றின் பிரதியாக இருந்தால், அதன் அண்ணன் தம்பிகள் ஊர்க் காப்பகத்தில் இருக்கக்கூடும். இதைக் கடைசியில் பயன்படுத்துவோம்.

இப்போது எந்தப் போர் என்று உறுதி செய்ய வேண்டும். சிரிக்காதீர்கள், இதில் பலர் தவறியிருக்கிறார்கள். முதல் உலகப்போரிலும் ஹல் தாக்கப்பட்டது. 1915 ஜூனில் செப்பலின் வான்கப்பல் வந்து குண்டு போட்டது. அந்த இடிபாடுகளும் இதே செங்கல், இதே சிலேட்டு ஓடுதான். உங்கள் படத்தில் இரண்டு அடையாளங்கள் இரண்டாம் போரைச் சொல்கின்றன. வலது பக்கம் நிற்பவரின் இரும்புத் தொப்பியில் ‘டபிள்யூ’ எழுத்து இருக்கிறது. அவர் வான்தாக்குதல் காவலர், வார்டன். அடுத்தது நடைபாதை ஓரக்கற்கள். ஒரு கல் விட்டு ஒரு கல் வெள்ளையடித்திருக்கிறது. விளக்குக் கம்பத்தின் அடியிலும் வெள்ளைப் பட்டை இருக்கிறது. விளக்கில்லாத இருட்டடிப்பு இரவுகளில் ஆட்கள் தடுக்கி விழாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. இடது கோடியில் ஒரு வீட்டின் முன் இரும்புக் கிராதி அப்படியே இருப்பதையும் பாருங்கள். 1941 பிற்பகுதியிலிருந்து இந்தக் கிராதிகளைப் பழைய இரும்புக்காக நாடெங்கும் அறுத்துக்கொண்டு போனார்கள். ஆகவே 1941 மே என்பதோடு முரண்பாடு எதுவும் இல்லை.

அடுத்தது, படம் இடம் வலம் மாறாமல் இருக்கிறதா என்பது. நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டால் தெரு முழுவதும் கண்ணாடியில் பார்த்தது போல மாறிவிடும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குடும்பத்துக்காக இப்படி ஒரு படத்தைத் தேடினேன். தேவாலயக் கோபுரம், வளையும் தெரு, மூலைக்கடை எல்லாம் ஓரிடத்தோடு பொருந்திவிட்டதாக நம்பி, ‘இதுதான் உங்கள் தாத்தா பிறந்த தெரு’ என்று எழுதியும் அனுப்பிவிட்டேன். அவர்கள் அங்கே நேரில் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் படம் திருப்பி அச்சிடப்பட்டது என்று தெரிந்தது. சரியான தெரு ஊரின் இன்னொரு கோடியில் இருந்தது. அவர்களிடம் அதைச் சொன்ன நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து எந்தப் படமானாலும் முதலில் கோட்டுப் பொத்தானைத்தான் பார்ப்பேன். ஆண்களின் கோட்டில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வரும். உங்கள் படத்தில் வார்டனின் கோட்டு அப்படித்தான் இருக்கிறது. கடைப் பலகையின் எழுத்துகளும் நேராகவே இருக்கின்றன. படம் சரியான பக்கம்தான்.

இனி இடத்துக்கு வருவோம். நம் கண் தானாகவே இடிபாட்டுக்குப் போகும். நடுவில் நாலைந்து வீடுகள் செங்கல் குவியலாகக் கிடக்கின்றன. பக்கத்து வீட்டின் பொதுச்சுவரில் மாடி அறையின் கணப்பு அந்தரத்தில் தொங்குகிறது. பூப்போட்ட சுவர்க்காகிதம் கிழிந்து ஆடுகிறது. மனசை உருக்கும் காட்சி. ஆனால் தேடுகிறவருக்கு அதனால் பயன் குறைவு, ஏனென்றால் குண்டு விழுந்த வீடு எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். தெருவைக் காட்டிக்கொடுப்பது, விழாமல் நிற்பவைதான்.

நிற்கும் வீடுகள் இரண்டு மாடிச் செங்கல் வரிசை வீடுகள். வாசல் நேரே நடைபாதையில் திறக்கிறது. இது சண்டர்லண்டாக இருக்க வாய்ப்புக் குறைவு. அங்கே தொழிலாளர் தெருக்களில் ஒற்றைத் தள வரிசை வீடுகள்தான் பெயர்போனவை. நியூகாசில், சவுத் ஷீல்ட்ஸ் பக்கமானால் இரண்டு கதவுகள் ஒட்டி ஒட்டி ஜோடியாக இருக்கும். ஒன்று கீழ்வீட்டுக்கு, ஒன்று மேல்வீட்டுக்கு. உங்கள் படத்தில் கதவு, ஜன்னல், கதவு, ஜன்னல் என்று தனித்தனியாகவே வருகிறது. ஸ்காட்லாந்தானால் மூன்று நான்கு மாடிக் கல் கட்டடங்கள் வந்திருக்கும். (கிளைட்பேங்க் என்ற ஊரில் 1941 மார்ச்சில் இரண்டு இரவுத் தாக்குதலுக்குப் பின் பன்னிரண்டாயிரம் வீடுகளில் சேதமில்லாமல் தப்பியவை ஏழெட்டுத்தான். அந்தப் படங்களையும் பலர் லண்டன் என்றே பகிர்கிறார்கள்.)

இப்போது தெருவின் கோடியில், பெரிய சாலை குறுக்கே போகும் இடத்தில், வானத்தைப் பாருங்கள். கம்பிகள் தெரிகின்றன. எண்ணிப் பார்த்தேன், இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து போகின்றன. டிராமுக்கு மேலே ஒரு கம்பி போதும், மின்சாரம் தண்டவாளம் வழியாகத் திரும்பிவிடும். டிராலிபஸ், அதாவது மேல்கம்பி மின்சாரத்தில் ஓடும் பஸ், ரப்பர் டயரில் ஓடுவதால் மின்சாரம் வர ஒன்று, திரும்பிப் போக ஒன்று என ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு கம்பி வேண்டும். ஆகவே அந்தச் சாலையில் ஓடியது டிராலிபஸ். லண்டனின் உட்பகுதியில் டிராமுக்கு மேல்கம்பியே கிடையாது. சாலையின் நடுவே ஒரு பிளவு விட்டு அதற்குள் மின்சாரம் வைத்திருந்தார்கள். சண்டர்லண்டில் டிராலிபஸ் ஓடியதில்லை. ஹல்லில் 1937-லிருந்து 1964 வரை ஓடியது. நியூகாசில், சவுத் ஷீல்ட்ஸ், கிரிம்ஸ்பி போன்ற ஊர்களிலும் உண்டு என்பதால் இது மட்டும் போதாது.

முடிவாகக் கைகாட்டுவது மூலைக்கடை ஓரத்தில் இருக்கும் டெலிபோன் கூண்டு. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது வெளிறித் தெரிகிறது. சற்றுத் தள்ளி ஒரு தபால் பெட்டி நிற்கிறது. அது நல்ல கறுப்பாகத் தெரிகிறது. தபால் பெட்டி சிவப்பு. டெலிபோன் கூண்டும் சிவப்பாக இருந்தால் இதே படத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருண்டிருக்க வேண்டும். இருளவில்லை, ஆகவே அது சிவப்பு இல்லை. பிரிட்டன் முழுவதும் டெலிபோன் அஞ்சல்துறையின் கையில் இருந்தபோது, ஹல்லில் மட்டும் நகராட்சியே சொந்தமாக நடத்தியது. அந்த ஊர்க் கூண்டுகள் பால்வண்ணம். மற்ற ஊர்க் கூண்டுகளின் தலையில் அரச கிரீடம் புடைப்பாக இருக்கும், ஹல்லில் அது இருக்காது. உங்கள் படத்தில் கிரீடம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகத் தெரிகிறது. ஆனால் படம் சின்னது, நன்றாக ஸ்கேன் செய்து பார்த்த பிறகே இதை உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இடிந்த வீடுகளுக்கு இடப்புறம், நிற்கும் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஒரு திறப்பு. உள்ளே கல் பாவிய நடைபாதை, இருபுறமும் எதிரெதிரே சின்ன வீடுகள். நம்மூரில் முட்டுச்சந்து என்போமே, அந்த மாதிரி. ஹல்லின் பழைய தெருக்களில் இப்படி அடுத்தடுத்துக் கிளைகள் உள்ளே போகும். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. பூவின் பெயர், பெண்ணின் பெயர், அதோடு ‘குரோவ்’, ‘வில்லாஸ்’, ‘டெரஸ்’ என்று ஒன்று சேர்த்து முகப்புச் சுவரில் பதித்திருப்பார்கள். படத்தில் திறப்பின் வலப்பக்கச் சுவரில் மாடி ஜன்னலுக்குச் சற்றுக் கீழே ஒரு வெளிர்க் கட்டம் தெரிகிறது பாருங்கள். அது பெயர்ப் பலகையாக இருந்தால் நமக்கு அதைவிடப் பெரிய பாக்கியம் வேண்டாம்.

கம்பி, கூண்டு, முட்டுச்சந்து மூன்றும் சேர்ந்து வேறு ஊரில் எனக்குத் தெரிந்து கிடையாது. ஹல் என்றே வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

இப்போது கம்பிக்குத் திரும்புவோம். அது தெருவையே குறுக்கித் தருகிறது. 1941 மே மாதத்தில் ஹல்லின் எல்லாச் சாலையிலும் டிராலிபஸ் வந்துவிடவில்லை. சான்டர்லண்ட்ஸ் அவென்யூ, நியூலண்ட் அவென்யூ, பெவர்லி சாலை, ஹோல்டர்னஸ் சாலை ஆகிய நான்கு தடங்கள்தான் இருந்தன. ஆன்லபி சாலைக்கு 1942-லும் ஹெசில் சாலைக்கு 1945-லும்தான் வந்தது. அங்கெல்லாம் அதுவரை டிராம். ஆகவே பென்சில் தேதி சரி என்றால், தெரு இந்த நான்கு தடங்களில் ஒன்றில் போய்ச் சேர வேண்டும்.

அடுத்து நிழல். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுக்காது. வார்டனின் நிழல் தெருவின் குறுக்கே, இடிந்த வீடுகளை நோக்கி, நேர் இடப்பக்கமாக விழுகிறது. நிழல் கேமராவை நோக்கியோ விலகியோ விழுந்தால் நீளத்தை அளப்பது கடினம். குறுக்கே விழுந்தால் ஆளும் நிழலும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதால் ஸ்கேலை வைத்தே அளக்கலாம். ஹல் தட்டையான ஊர், தரைச் சரிவு பற்றியும் கவலை வேண்டாம். நீங்கள் அனுப்பிய அளவுக்கு அச்சிட்டு அளந்தேன்: ஆள் 22 மில்லிமீட்டர், நிழல் 16. அதாவது உயரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு.

ஹல் இருக்கும் அட்சரேகையில் மே 9 அன்று உச்சிவேளையில் சூரியன் ஏறக்குறைய 54 டிகிரி உயரத்தில் நிற்கும். அப்போது நிழல் உயரத்தில் முக்கால் பங்கு. அன்றைக்கு அதைவிடக் குட்டையாக நிழல் விழ வழியே இல்லை. ஆகவே படம் எடுத்தது உச்சிவேளையை ஒட்டி, நிழல் காட்டுவது வடக்கு. வீடுகள் தெருவின் வடபக்கம், தெற்கு பார்த்தவை. நமக்கு இடப்புறம் வடக்கு என்றால் கேமரா பார்ப்பது கிழக்கு. கம்பி ஓடும் பெரிய சாலை தெருவின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் திசை இருபது டிகிரி வரை தவறலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

இதை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். ஹோல்டர்னஸ் சாலை தென்மேற்கிலிருந்து வடகிழக்காகப் போகிறது, அதன் கிளைத் தெருக்கள் கோணலாக வரும். முற்றிலும் ஒதுக்க வேண்டாம், பின்னால் வைப்போம். மற்ற மூன்று சாலைகளும் ஏறக்குறைய தெற்கு வடக்கு. அவற்றுக்கு மேற்கிலிருந்து வந்து சேரும் தெருக்கள் மட்டும் போதும். முந்நூறு தெருக்களைத் துழாவ வேண்டிய இடத்தில் முப்பது நாற்பதுக்கு வந்துவிடுவோம்.

கடிகாரம் பற்றியும் சொல்ல வேண்டும். நடைபாதையில் சமையலறை நாற்காலி போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் மடியில் இருப்பது சுவர்க் கடிகாரம். மூன்று நாற்பது காட்டுகிறது. இதைப் பார்த்துப் படம் எடுத்த நேரம் மாலை மூன்று நாற்பது என்று முடிவு செய்துவிடாதீர்கள். 1941 மே 4 முதல் பிரிட்டனில் இரட்டைக் கோடை நேரம். கடிகாரத்தை இரண்டு மணி முன்னுக்கு வைத்திருந்தார்கள். உச்சிவேளை கடிகாரத்தில் பகல் இரண்டு மணிக்கு வரும். மூன்று நாற்பதாக இருந்தால் வார்டனின் நிழல் 19 மில்லிமீட்டருக்கு மேல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தக் கடிகாரம் ஓடவில்லை என்றே தோன்றுகிறது. இரவில் குண்டு விழுந்த நொடியில் நின்றிருக்கலாம். அப்படியானால் அது நமக்கு ஒரு சாட்சி. வார்டன்கள் ஒவ்வொரு குண்டுக்கும் நேரமும் தெருவும் குறித்து அறிக்கை அனுப்பினார்கள். அதிகாலை மூன்றரை நான்கு மணி வாக்கில் பதிவான தெருக்களை நம் முப்பது நாற்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இனிச் செய்ய வேண்டியது. படத்தை அசலிலிருந்து 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள், செல்போனில் எடுத்தது போதாது. முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். மூலைக்கடைப் பலகையில் பெயரின் கடைசி எழுத்துகள் ‘சன்’ என்று முடிகின்றன, அடுத்த சொல் ‘பேக்கர்’ போலிருக்கிறது. வலக்கோடியில் பாதி தெரியும் வேனின் எண் பலகையையும் பாருங்கள். ஹல்லில் பதிவான வண்டிகளின் எழுத்துகள் ‘ஏடி’, ‘கேஎச்’, ‘ஆர்எச்’ என்று முடியும். அது கிடைத்தால் ஊர் பற்றிய சந்தேகம் அநேகமாகத் தீர்ந்துவிடும்.

பிறகு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்துக்குப் போங்கள். பெயர் ஸ்காட்லாந்து என்றாலும் இங்கிலாந்தின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களும் அங்கே இலவசம். ஒரு மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் உள்ளதைத் திறந்தால் ஒவ்வொரு வீடும் தனிக் கட்டமாகத் தெரியும். இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் அதை வைத்தும் பார்க்கலாம். நீங்கள் தேட வேண்டிய வடிவம் இது: கிழக்குக் கோடியில் பெரிய சாலை, வடபக்கம் வரிசை வீடுகள், அதில் ஒரு முட்டுச்சந்து, சந்துக்கும் மூலைக்கடைக்கும் இடையே எத்தனை வீடு. இந்த எண்ணிக்கையைப் படத்திலிருந்து எடுக்க வேண்டும். இடிந்த வீடுகளை எண்ண முடியாதே என்று தயங்க வேண்டாம். எதிர்வரிசையின் புகைபோக்கிகளை எண்ணுங்கள். இரண்டு வீட்டுக்கு ஒரு புகைபோக்கித் தூண், அதன் தலையில் ஒவ்வொரு கணப்புக்கும் ஒரு மண்குழல். இடிபாட்டின் அகலத்தை அதை வைத்துக் கணக்கிடலாம். என் கணக்கில் சந்திலிருந்து மூலை வரை ஒன்பது வீடு வருகிறது, பெரிய ஸ்கேன் வந்தால் சரிபார்க்கிறேன்.

பொருந்தும் தெரு இரண்டு மூன்று கிடைத்ததும் கெல்லி விலாச நூல். போருக்குச் சற்று முந்தைய ஹல் பதிப்பில், தெருவாரியாக, வீட்டு எண் வாரியாக யார் குடியிருந்தார், என்ன கடை என்று இருக்கும். முட்டுச்சந்துகளின் பெயரும் அந்தந்தத் தெருவுக்குள் வரும். மூலையில் ‘சன்’ என்று முடியும் பெயரில் பேக்கரி எங்கே இருக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். ஓர் எச்சரிக்கை: சந்துப் பெயர்கள் ஊரில் பல இடங்களில் திரும்பத் திரும்ப வரும். ஒரே பூவின் பெயரில் நாலைந்து குரோவ் இருக்கக்கூடும். பலகையை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள், கடையும் சேர்ந்து பொருந்த வேண்டும். வாக்காளர் பட்டியல் இங்கே கைகொடுக்காது, 1939-க்குப் பின் 1945 வரை போட்டதே இல்லை. அதற்குப் பதில் 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேடு இருக்கிறது. வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று அதில் பார்க்கலாம்.

குண்டு விழுந்த இடங்களின் வரைபடம் இணையத்தில் இருக்கிறதே, அதில் பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். லண்டனுக்கு மிக நல்ல வரைபடங்கள் உண்டு. மாநகர மன்றம் வீடு வீடாக வண்ணம் தீட்டி வைத்திருக்கிறது: முற்றிலும் அழிந்தது கறுப்பு, பழுதுபார்க்கவே முடியாதது ஊதா, லேசான சேதம் மஞ்சள். ஆனால் அது லண்டனோடு சரி. அரசின் குண்டுக் கணக்கெடுப்பும் 1940-ல் லண்டன், பர்மிங்காம், லிவர்பூலில் தொடங்கி 1941 செப்டம்பரில்தான் நாடு முழுவதும் பரவியது. நம் தேதி அதற்கு முந்தையது.

ஆகவே ஹல் வரலாற்று மையத்துக்கு எழுதுங்கள். நகரின் ஆவணங்கள் இருக்கும் இடம் அது, போர்க்கால வான்தாக்குதல் பதிவுகளும் சேதப் படங்களும் அங்கே உண்டு. ‘இது எந்த இடம்?’ என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ‘இந்த மூன்று தெருக்களில் ஒன்று என்று நினைக்கிறோம், காரணங்கள் இவை, மே 8 இரவின் பதிவில் அதிகாலை மூன்றரை வாக்கில் இவற்றில் ஏதாவது இருக்கிறதா?’ என்று கேளுங்கள். காப்பகத்தில் இருப்பவர்கள் இப்படிக் கேட்பவர்களுக்காக மெனக்கெடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பதிவையும் பார்த்தாக வேண்டும், பார்க்கும்போது மனதைத் தேற்றிக்கொண்டு பாருங்கள். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் குண்டுவீச்சில் இறந்த பொதுமக்களின் பட்டியலை ஊர்வாரியாக வைத்திருக்கிறது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். பெயர், வயது, யாருடைய மகள், எந்த விலாசம், எந்த விலாசத்தில் இறந்தார், எந்தத் தேதி. ஒரே எண்ணுள்ள வீட்டின் கீழ் தாய், அதற்குக் கீழே பத்து வயது, ஏழு வயது, பதினோரு மாதம் என்று வரும். தெருவை உறுதி செய்ய இதைவிட நேரான சான்று குறைவு. உங்கள் தெருவில் 1941 மே 8 அல்லது 9 என்ற தேதியில், அடுத்தடுத்த எண்களில் பெயர்கள் இருந்தால், படத்தில் செங்கல் குவியலாகக் கிடப்பது எந்தெந்த வீடு என்பதும் தெரிந்துவிடும். பெயரே இல்லை என்றால் எல்லோரும் பதுங்கிடத்தில் இருந்து பிழைத்தார்கள் என்று மகிழலாம். ஹல்லில் பெவர்லி சாலைத் திரையரங்கு ஒன்று 1941 மார்ச்சில் குண்டுவீச்சில் இடிந்தது. முகப்புக் கூடத்தில் ஒதுங்கியிருந்த நூற்றைம்பது பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அந்த இடிந்த முகப்பு இன்றும் நிற்கிறது.

கடைசியாக இணையத்தில் இன்றைய தெருக்காட்சிப் படத்தில் (ஸ்ட்ரீட் வியூ) போய்ப் பாருங்கள். பழைய வரிசைக்கு நடுவே நாலைந்து வீடு மட்டும் வேறு செங்கல், வேறு ஜன்னல், புகைபோக்கி இல்லாத கூரை என்று இருந்தால் அங்கே நில்லுங்கள், பல் விழுந்த இடத்தில் பொய்ப்பல் வைத்தது போலத் தெரியும். தெருவே மிச்சமில்லாமல் புதுக் குடியிருப்பாகிவிட்டிருந்தால், பழைய வரைபடத்தை மேலே வைத்துப் பார்ப்பதுதான் வழி.

உங்களிடம் நான் கேட்பது ஒன்று. பெரியம்மா அங்கே போனது போர் முடிந்து பதினைந்து இருபது ஆண்டு கழித்து. இந்தப் படம் அவர் எடுத்ததில்லை, யாரோ கொடுத்தது. அவர் ஊருக்கு எழுதிய கடிதங்கள் இருந்தால் அனுப்புநர் விலாசத்தைப் பாருங்கள். ஹல் என்று இருந்தால், எந்தத் தெரு, யார் வீட்டில் குடியிருந்தார் என்றும் பாருங்கள். அந்தப் பெட்டியில் வேறு படங்களும் இருந்தன என்று எழுதியிருந்தீர்கள். அவற்றில் வயதான வெள்ளைக்காரப் பெண்மணி யாராவது பெரியம்மாவோடு நிற்கிறாரா? இருந்தால் அந்தப் படத்தையும், கடிகாரத்தை மடியில் வைத்திருக்கும் பெண்ணின் முகத்தையும் தனியாக ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.